வயல் மண்ணை விற்காமல் விதைக்கிடங்கு கட்டலாம்

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், செங்கல் சூளைக்காரர்கள் வரப்பில் வந்து நிற்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. "அரை அடி மண் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், நிலம் எங்கும் போய்விடாது" என்று சொல்லிக் கையில் முன்பணம் கொடுக்கிறார்கள். கடன் தவணை நெருங்கும் சமயத்தில் அந்தப் பணம் பெரிதாகத் தெரிகிறது. அதே விவசாயி இரண்டு வருஷம் கழித்து மாட்டுக் கொட்டகைக்கோ விதைக்கிடங்குக்கோ செங்கல் வாங்கப் போனால், தன் நிலத்து மண்ணையே சுட்ட விலைக்குத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது.

அரை அடி மண்ணோடு என்ன போகிறது என்று கணக்குப் பார்ப்பது நல்லது. ஓர் ஏக்கர் பரப்பில் அரை அடி ஆழம் என்பது சுமார் 600 கன மீட்டர் மண். அதன் எடை ஏறத்தாழ 850 டன். அங்ககக் கரிமம் அரை சதவிகிதம் உள்ள சாதாரண நிலமாக இருந்தால், அந்த மண்ணில் 4 டன்னுக்கு மேல் கரிமம் இருக்கும். அதனுடன் சேர்ந்து பிணைந்திருக்கும் தழைச்சத்து 350 கிலோவுக்குக் குறையாது. இதை யூரியாவாகக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டையில் சுமார் 17 மூட்டை ஆகும். மணிச்சத்து, சாம்பல் சத்து, நுண்ணூட்டங்கள், மண்புழுக்கள், நுண்ணுயிர்கள் எல்லாம் இதற்கு மேல். உரத்தை மூட்டையில் வாங்கிப் போடலாம். மேல் மண்ணை அப்படி வாங்க முடியாது. ஓர் அங்குல மேல் மண் உண்டாக இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

நஷ்டம் இத்துடன் நிற்பதில்லை. மண் எடுத்த வயல் பக்கத்து வயலைவிடப் பள்ளமாகிவிடும். மழையில் தண்ணீர் தேங்கும். கீழே உள்ள இறுகிய அடி மண் மேலே வந்துவிடுவதால் வேர் எளிதில் இறங்காது. முன்போல் விளைய வைக்க, தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்டுப் பல பட்டங்கள் பாடுபட வேண்டும்.

மண்ணை விற்காமல், செங்கல்லும் வாங்காமல் நல்ல சுவர் எழுப்ப வழி உண்டு. அதுவே சிமெண்ட் அல்லது சுண்ணாம்பு சிறிதளவு கலந்து, இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் சுடாத மண் கல்.

மண் கல் வந்த வழி

மண்ணால் வீடு கட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. ஆனால் பழைய மண் சுவருக்கு இரண்டு குறைகள் உண்டு. மழை அடித்தால் கரையும், காய்ந்தால் வெடிக்கும். இந்தக் குறைகளைப் போக்க, மண்ணை நன்றாக அழுத்தி, அதில் சிறிது சிமெண்ட் சேர்த்துப் பார்த்தார்கள். 1950களில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரில் இருந்த ஒரு வீட்டுவசதி ஆராய்ச்சி மையத்தில், ராவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் கையால் இயக்கும் ஒரு சிறு அழுத்து இயந்திரத்தை உருவாக்கினார். 'சின்வா ராம்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. நீண்ட பிடியை ஓர் ஆள் இழுத்து அழுத்தினால் ஒரு கல் தயாராகிவிடும். மின்சாரமோ விறகோ வேண்டாம்.

நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கப்பட்ட 'அஸ்திரா' என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு இத்தகைய கற்களை ஆராய்ந்து, அதற்கேற்ற இயந்திரத்தையும் வடிவமைத்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகம் 1989 முதல் இந்தப் பணியில் ஈடுபட்டு வருகிறது. அங்குள்ள செம்மண்ணிலேயே அழுத்திய கற்களால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல், ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென வழங்கப்படும் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. 2001-ல் குஜராத்தில் பூகம்பம் ஏற்பட்ட பிறகு, கட்ச் பகுதியில் கம்பி செருகும் துளைகள் உள்ள இதே வகை மண் கற்களால் வீடுகள் கட்டப்பட்டன. மண் கற்களுக்கு இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. அதன் எண் ஐ.எஸ். 1725. ஆகவே இதைப் பரிசோதனை நிலையில் உள்ள விஷயமாகக் கருத வேண்டியதில்லை.

எந்த மண் ஏற்றது?

மேல் மண் கல்லுக்கு ஆகாது. அதில் உள்ள வேர், இலைமட்கு, சாணச் சத்து முதலியவை சிமெண்ட் இறுகுவதைக் கெடுத்துவிடும். பயிருக்கு நல்ல மண் சுவருக்குக் கெட்ட மண் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே மேலே உள்ள ஒன்றரை அடி மண்ணை வழித்துத் தனியே குவித்து வைக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள, மட்கு இல்லாத அடி மண்ணையே கல்லுக்கு எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் குவித்து வைத்த மேல் மண்ணை வயலில் பரப்பிவிடலாம்.

சிமெண்ட் சேர்த்துச் செய்யும் கல்லுக்குரிய மண்ணில் சரளை 15 பங்கு, மணல் 50 பங்கு, வண்டல் 15 பங்கு, களி 20 பங்கு என்ற அளவு சிறந்தது. இம்மியும் பிசகாமல் இப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு அருகில் இருந்தால் போதும். செம்மண் நிலங்களில் பெரும்பாலும் இத்தகைய மண் கிடைக்கும். களி அதிகமுள்ள மண்ணுக்குச் சிமெண்டைவிட நீற்றிய சுண்ணாம்பு பொருத்தமானது. களி 35 பங்கு வரை இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கட்டுப்படுத்தும்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதைத் தனியாகக் கல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது. மணலோ கல்குவாரித் தூளோ தாராளமாகக் கலந்து, சுண்ணாம்பும் சேர்த்துச் சோதித்துப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். உவர் மண்ணும் களர் மண்ணும் அறவே உதவா. அவற்றில் உள்ள உப்பு, சுவரின் மேல் பூத்து, கல்லைப் பொரிப் பொரியாக உதிர்த்துவிடும். ஏரி வண்டலில் களி மிகுதி. அது வயலுக்குத்தான் உகந்தது. முறைப்படி அனுமதி பெற்று எடுத்து வயலில் அடிப்பதே நலம்.

சொந்த நிலத்தில் மண் எடுப்பதானாலும் அதற்குரிய அரசு விதிகளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தோண்டத் தொடங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

பாட்டில் சோதனை: நேரான சுவருள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, முக்கால் பாகம் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குலுக்கி, அசையாத இடத்தில் வைத்துவிட வேண்டும். சரளையும் மணலும் உடனே அடியில் தங்கும். அதன் மேல் வண்டல் படியும். களி கடைசியாக, மறுநாள் வரை மெல்லப் படியும். மறுநாள் ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் அளந்தால் எது எத்தனை பங்கு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கயிறு சோதனை: மண்ணைப் பிசைந்து, உள்ளங்கையால் பலகையில் உருட்டிப் பென்சில் கனத்துக்குக் கயிறாகத் திரிக்க வேண்டும். கயிறாகவே திரளாமல் உதிர்ந்தால் மணல் அதிகம், களி போதாது. வளைத்தாலும் ஒடியாமல் ரப்பர் போல இருந்தால் களி அதிகம். திரண்டு வந்து, சற்று வளைத்ததும் ஒடிந்தால் கல்லுக்கு ஏற்ற மண்.

பெட்டிச் சோதனை: எத்தனை பங்கு சிமெண்ட் சேர்ப்பது என்பதை இதுவே முடிவு செய்யும். உட்புறம் 60 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஒரு மரப்பெட்டியைத் தச்சரிடம் செய்துகொள்ள வேண்டும். உள்ளே எண்ணெய் தடவி, நன்கு ஈரமாக்கிப் பிசைந்த மண்ணை மூலை முடுக்கெல்லாம் நிறையும்படி அழுத்தி, மேலே மட்டம் தட்டி, ஒரு வாரம் நிழலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் மண் சுருங்கும். வெடித்த துண்டுகளை எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி, மறுபக்கம் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும்.

இடைவெளி 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட். 15 முதல் 30 வரை இருந்தால் 16-க்கு 1. 30 முதல் 45 வரை இருந்தால் 14-க்கு 1. 45 முதல் 60 வரை இருந்தால் 12-க்கு 1. இவை படி அளவுக் கணக்கு. எடைக் கணக்கு அல்ல. 60 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கினால் சிமெண்டைக் கூட்டுவதால் பயனில்லை. மணல் அல்லது குவாரித் தூள் கலந்து மறுபடி சோதிக்க வேண்டும்.

தேர்ந்த ஆட்களைக் கொண்டு நல்ல இயந்திரத்தில் செய்யும்போது எடையில் 5 சதவிகிதச் சிமெண்டே போதுமானதாக இருக்கிறது. மேலே சொன்ன அளவு அதைவிடச் சற்றுக் கூடுதல். முதல் தடவை செய்பவர்களுக்கு அந்தக் கூடுதல் அவசியம். சுண்ணாம்பானால் எடையில் 6 சதவிகிதம் சராசரி அளவு. 10 சதவிகிதத்துக்கு மேல் போனால் கல்லின் பலம் குறையும்.

கல் அறுக்கும் முறை

தோண்டிய மண்ணைக் கட்டி உடைத்து, வெயிலில் உலர்த்தி, கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கண் உள்ள சல்லடையைச் சாய்வாக நிறுத்தி அதில் வீசிச் சலிக்க வேண்டும். கட்டியாக உள்ள களி கல்லுக்குள் போனால், பின்னால் அந்த இடம் பொத்துப் போகும்.

சலித்த மண்ணை அளந்து பரப்பி, அதன் மேல் சிமெண்டைத் தூவி, நிறம் ஒன்றாகும் வரை உலர்வாகவே புரட்டிக் கலக்க வேண்டும். பிறகு பூவாளியால் தண்ணீர் தெளித்து மறுபடி புரட்ட வேண்டும். குடத்தைச் சாய்த்து ஊற்றக் கூடாது.

ஈரம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. கலவையில் ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பையாகிவிட்டால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. ஈரம் மிஞ்சிய கலவை அழுத்தத்தில் இறுகாது. ஈரம் குறைந்தது ஓரம் உதிரும். பெரும்பாலான கற்கள் கெடுவது இந்த இடத்தில்தான். ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் உருண்டை போட்டுப் பார்ப்பது அவசியம்.

தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் கல்லாக்கிவிட வேண்டும். சிமெண்ட் இறுகத் தொடங்கிய பிறகு அழுத்தினால் பிடிப்பு போய்விடும். காலையிலேயே ஒரு நாளைக்கு வேண்டியதைக் கலந்து வைப்பது பெரிய தவறு. சிறு சிறு அளவாகவே கலக்க வேண்டும்.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே அளவு கலவை போக வேண்டும். இதற்கென ஒரு தகர டப்பாவை அளவாக வைத்துக்கொள்வது வழக்கம். அச்சில் போட்டதும் நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மூலை உடையும். மண் தோண்ட, சலிக்க, கலக்க, அழுத்த, அடுக்க என்று ஏழெட்டுப் பேர் கூடினால் ஒரு நாளில் பல நூறு கற்கள் அறுக்கலாம். ஒரு விவசாயி தனியே இயந்திரம் வாங்குவது கட்டுப்படியாகாது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினால் அல்லது வாடகைக்கு எடுத்தால், மாறி மாறி ஒருவர் வேலைக்கு மற்றவர் கைகொடுக்க முடியும். நடவுக்கும் அறுப்புக்கும் உள்ள பழக்கம்தான் இது.

தண்ணீர் காட்டுவதில் தயக்கம் கூடாது

அச்சிலிருந்து எடுத்த கல் பச்சைக் கல். இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் தாங்கி எடுத்து, நிழலான சமதரையில் அடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, வைக்கோல் அல்லது சாக்கால் மூடி வர வேண்டும். அதற்குப் பிறகு மூடியதை எடுத்துக் காற்றாட உலரவிட வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்கு இதைவிட நீண்ட காலம் தேவை.

மண் கல் தோற்றுப்போனதாகச் சொல்லப்படும் பல இடங்களில், பத்து நாளிலேயே கல்லை எடுத்துச் சுவர் வைத்திருப்பார்கள். செங்கல்லைச் சூளை நெருப்பு பதப்படுத்துகிறது. மண் கல்லைத் தண்ணீர் பதப்படுத்துகிறது. நான்கு வாரம் தண்ணீர் காட்ட முடியாதவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

நான்கு வாரம் கழிந்ததும் அடுக்கின் பல இடங்களிலிருந்து நாலைந்து கற்களை எடுத்து ஒரு நாள் முழுதும் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் கரையாமல், நகத்தால் கீறினால் எளிதில் உதிராமல் இருந்தால் நம்பிக் கட்டலாம். கரைந்தால் அந்தத் தொகுதியைச் சுவருக்கு எடுக்கக் கூடாது.

ஒரு விதைக்கிடங்குக்குக் கணக்கு

வெளி அளவு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், அதாவது சுமார் 13 அடிக்கு 10 அடி, 9 அடி உயரம் உள்ள ஒரு சிறு கிடங்கை எடுத்துக்கொள்வோம். கதவு, ஜன்னல் போகச் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 35 சதுர மீட்டர். 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள கல்லானால் சதுர மீட்டருக்கு 30 கல் பிடிக்கும். மொத்தம் 1,050 கல். உடைவுக்கும் சோதனைக்கும் சேர்த்து 1,150 கல் அறுக்க வேண்டும்.

ஒரு கல்லின் எடை சுமார் 11 கிலோ. 16-க்கு 1 என்ற கலவையில் ஒரு மூட்டைச் சிமெண்டில் 65 முதல் 70 கல் வரும். ஆகக் கல்லுக்கு வேண்டிய சிமெண்ட் 17 மூட்டை. மண் சுமார் 12 டன். மேல் மண்ணை வழித்த பிறகு 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குழியிலிருந்தே இந்த மண் கிடைத்துவிடும். வண்டிச் சத்தமும் ஏற்றுக்கூலியும் மிச்சம். கடைக்கால், சாந்து, லிண்டல், கூரை ஆகியவற்றின் செலவு இதில் சேராது. அவை எந்தச் சுவருக்கும் பொதுவானவை. உள்ளூர்ச் சிமெண்ட் விலையையும் ஆள் கூலியையும் போட்டு, செங்கல் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். வீட்டு ஆட்களே உழைக்கும் இடத்தில் மண் கல் மலிவாக முடியும். எல்லாவற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் லாபம் குறையும்.

சுவர் எழுப்பும்போது

மண் கல்லுக்குக் கடைக்கால் கல்லால் அல்லது கான்கிரீட்டால் அமைவது நலம். தரை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையாமல் பேஸ்மட்டம் எழுப்பி, அதன் மேல் ஈரம் ஏறாதபடி சிமெண்ட் சாந்தில் ஈரத்தடுப்புப் படிவம் போட வேண்டும். வெள்ளம் தேங்கும் பள்ளமான இடத்தில் மண் கல் சுவர் வேண்டாம். கரிசல் பூமியில் சுவர் எதுவானாலும் கடைக்கால் ஆழமாகப் போக வேண்டும். அங்கே பொறியாளரின் யோசனை இல்லாமல் தொடங்கக் கூடாது.

சாந்துக்கு வெறும் சிமெண்டும் மணலும் கலந்த கெட்டிக் கலவை வேண்டாம். சிமெண்ட் 1, சலித்த மண் 1, மணல் 6 என்ற கலவை ஒத்துப்போகும். கல்லைவிடச் சாந்து கடினமாக இருந்தால், சுவர் அசையும்போது சாந்தில் விழ வேண்டிய வெடிப்பு கல்லில் விழும். கட்டுவதற்கு முன் கல்லைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் போதும், ஊறப்போட வேண்டியதில்லை. கல் செங்குத்தாகப் போகிறதா என்று தூக்குக் குண்டும், மட்டத்துக்கு ரசமட்டமும் வைத்துப் பார்க்கும் கொத்தனாராக இருக்க வேண்டும். மண் கல் ஒரே அளவாக இருப்பதால் நல்ல கொத்தனார் கையில் சுவர் பூச்சில்லாமலே அழகாக நிற்கும்.

மழைச் சாரல் நேரே அடிக்காமல் இருக்கக் கூரை சுவரைத் தாண்டி இரண்டடி வெளியே நீள வேண்டும். நல்ல செருப்பும் நல்ல குடையும் இருந்தால் மண் சுவர் தலைமுறைக்கும் நிற்கும் என்பார்கள். செருப்பு என்பது பேஸ்மட்டம்; குடை என்பது கூரை. சாரல் அதிகமாக அடிக்கும் பக்கத்தில் மட்டும் வெளிப்பூச்சு பூசினால் போதும்.

உட்புறச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே சிறந்தது. அது சுவரை மூச்சுவிட வைக்கும். பூஞ்சணம் பிடிப்பதைக் குறைக்கும். கிடங்குக்குள் வெளிச்சமும் தரும். நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசியதை, பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் கொத்தனார்கள் இன்றும் செய்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கைதேர்ந்த ஆள் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

கிடங்குத் தரையைக் கெட்டியாக, விரிசல் இல்லாமல் போட வேண்டும். எலி வளை பறிக்காது. கரையானும் எளிதில் ஏறாது. விதை மூட்டைகளை மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்க வேண்டும். சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நெல் விதையின் ஈரம் 13 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் முளைப்புத்திறன் கெடும் என்பதை மறக்கக் கூடாது.

குழியை வீணாக்க வேண்டாம்

மண் எடுத்த குழி கட்டடத்திலிருந்து குறைந்தது 15 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 8 கன மீட்டர் கொள்ளும் அந்தக் குழியை எருக்குழியாக வைத்துக்கொள்ளலாம். சாணம், வைக்கோல் கழிவு, இலைதழை ஆகியவற்றை அடுக்கி மண் தூவி மட்கவைத்தால், மண் எடுத்த இடமே மண்ணுக்குச் சத்தைத் திருப்பித் தரும். மேட்டு நிலமானால் மழைநீர் இறங்கும் குழியாகவும் விடலாம். எதுவானாலும் சுற்றி வேலி அடைக்க வேண்டும். குழந்தைகளும் கன்றுகளும் விழுந்துவிடாமல் காப்பது முதல் கடமை.

செங்கல்தான் வேண்டும் என்றால்

மண் ஏற்றதாக அமையாத ஊர்களில் வேறு வழிகள் உண்டு. அனல்மின் நிலையங்களுக்கு அருகில் உள்ளவர்கள் நிலக்கரிச் சாம்பலில் செய்த கற்களை வாங்கலாம். வயல் மேல் மண்ணைக் காப்பாற்றவே மத்திய அரசு 1999-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள சூளைகள் மண்ணோடு குறைந்தது 25 சதவிகிதம் சாம்பல் சேர்க்க வேண்டும் என்று அது கூறியது. இந்த எல்லை 2003-ல் 100 கிலோமீட்டராக நீட்டப்பட்டது. மேல் மண்ணின் அருமையை அரசாங்கமே உணர்ந்ததற்கு இது ஒரு சான்று.

சுட்ட செங்கல்லையே வாங்குபவர்கள் 'எலிப்பொறிக் கட்டு' முறையைக் கையாளலாம். கேரளத்தில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து சிக்கனக் கட்டடங்களுக்குப் பெயர் பெற்ற லாரி பேக்கர் (1917–2007) இதைப் பரவலாக்கினார். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டுவது இம்முறை. செங்கல்லில் ஏறத்தாழ 25 சதவிகிதம் மிச்சமாகும். நடுவில் காற்று இருப்பதால் வெயிலின் சூடும் உள்ளே குறைவாகவே இறங்கும். தானியக் கிடங்குக்குக் கட்டும்போது மட்டும், எலியும் பூச்சியும் அந்த இடைவெளிக்குள் புகாதபடி அடி வரிசையையும் மேல் வரிசையையும் இடைவெளி இன்றி அடைத்துக் கட்ட வேண்டும்.

எப்போது தொடங்குவது?

தை மாத அறுவடை முடிந்ததும் மண்ணைச் சோதித்து, பெட்டியைக் காயவைத்துவிட வேண்டும். மாசியில் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே கல் அறுத்து, பங்குனி வரை தண்ணீர் காட்ட வேண்டும். சித்திரை, வைகாசியில் கல் உலர்ந்து கிடக்கும். கடைக்கால் வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் சுவரும் கூரையும் எழும்பிவிட்டால் ஐப்பசி மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. முதலிலேயே வீடு கட்ட இறங்காமல், கோழிக் கொட்டகை, பம்ப் செட் அறை போன்ற சிறு கட்டடத்தில் கை பழகிக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு மழைக்காலம் அது தாங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பெரிய வேலைக்குப் போகலாம்.

அடுத்த தடவை வரப்பில் வந்து நிற்பவரிடம் சொல்ல, விவசாயியிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். கீழ் மண் சுவருக்கு, மேல் மண் பயிருக்கு. இரண்டும் தன் வீட்டுக்கே தேவை என்பதுதான் அந்தப் பதில்.